மைக்கேல் ஜோர்டானின் கையெழுத்து: நிஜம் என்று யார் சொல்வது?

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஓர் அட்டையை விற்றது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் இருவரும் போட்டுக்கொண்டு ஆடிய ஜெர்சிகளிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு சின்னத் துணித் துண்டுகள் அதில் பதிந்திருக்கின்றன. கூடவே இருவரின் கையெழுத்து. உலகத்தில் அப்படி ஒரே ஓர் அட்டைதான் உண்டு. போன விலை 1 கோடியே 29 லட்சத்து 32 ஆயிரம் டாலர். ரூபாயில் சொன்னால் நூறு கோடிக்கு மேல். விளையாட்டு அட்டை ஒன்றுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. மூன்று பேர் கூட்டுச் சேர்ந்துதான் அதை வாங்கினார்கள்.

செய்தி வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி: ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா?

அந்தக் கேள்வியைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. இதே ஜோர்டான் 1987-இல் சிகாகோ அரங்கத்தின் வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அந்தப் பையன் இன்று ஐம்பது வயது தாண்டியவர். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் முதலில் வரும் பதில், "இது ஜோர்டான் போட்டதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" ஆதாரம் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதே கை, அதே பெயர். ஒன்று கோடிகளில் போகிறது, இன்னொன்று அலமாரியில் கிடக்கிறது. இந்தச் சந்தையில் விற்பனையாவது மை இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் சாட்சி. சாட்சி சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் உண்மையான விவகாரம்.

ஜோர்டான் ஏன் வேற கதை?

ஓய்வுபெற்ற கூடைப்பந்து வீரர்கள் பலர் இன்றும் கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். கண்காட்சி அரங்கில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ரசிகர்கள் டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பார்கள். மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருவரும் 1980-களில் என்.பி.ஏ.வைத் தூக்கி நிறுத்தியவர்கள். ஆனாலும் அவர்கள் கையெழுத்திட்ட பந்து சில நூறு டாலருக்குக் கிடைத்துவிடும். உறுதியான ஆதாரத்தோடு வரும் ஜோர்டான் பந்துக்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும்.

திறமை வித்தியாசம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று என ஆறு கோப்பைகள், காலணி வியாபாரத்தையே மாற்றிய பெயர், எல்லாம் சரிதான். ஆனால் விலையைத் தீர்மானிப்பது, எவ்வளவு பேர் கேட்கிறார்கள், எவ்வளவு சரக்கு வருகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான். ஜோர்டான் விஷயத்தில் கேட்பவர்கள் உலகம் முழுக்க. வரும் சரக்கோ ஒரு சின்னக் குழாய் வழியாக. அந்தக் குழாயின் பெயர் அப்பர் டெக்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அப்பர் டெக் நிறுவனம் 1992-இல் ஜோர்டானோடு ஒப்பந்தம் போட்டது. அதன்படி வணிகத்துக்காக அவர் போடும் கையெழுத்து அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் வெளியே வரும். நடைமுறை எளிது. ஜோர்டான் கையெழுத்திடும்போது நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் இருப்பார். பொருளில் எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டப்படும். அதே எண் சான்றிதழிலும் இருக்கும், நிறுவனத்தின் பதிவேட்டிலும் இருக்கும். வாங்குபவர் எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு என்ன? 1992-க்குப் பின் சந்தையில் ஜோர்டான் கையெழுத்து இரண்டு சாதியாகப் பிரிந்தது. நிறுவனத்தின் கண் முன்னால் போட்டது ஒன்று, ரசிகரின் கண் முன்னால் போட்டது இன்னொன்று. இரண்டாவது வகைக்காரர்கள் நேரில் பார்த்த சாட்சிகள். ஆனால் அந்தச் சாட்சியத்தை வாங்க யாரும் தயாராக இல்லை. டியர்ஃபீல்டில் புல்ஸ் அணி பயிற்சி செய்யும் இடத்துக்கு வெளியே குளிரில் கார் வரும்வரை காத்திருந்து வாங்கியவர்கள் உண்டு. 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற சின்ன பேஸ்பால் அணியில் ஜோர்டான் ஆடியபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பந்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியவர்கள் உண்டு. அவர்களின் பொருள் நிஜம். ஆனால் நிஜம் என்பதும் நிரூபிக்கப்பட்டது என்பதும் இந்த வியாபாரத்தில் ஒன்றல்ல.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது?

சந்தையைக் குறை சொல்வதற்கு முன் அது பட்ட அடியையும் பார்க்க வேண்டும்.

1990-களின் நடுவில் சிகாகோவில் எஃப்.பி.ஐ ஒரு விசாரணையைத் தொடங்கியது. 'ஆபரேஷன் ஃபவுல் பால்' என்று பெயர். சிகாகோ வீரர்களின், முக்கியமாக ஜோர்டானின், கையெழுத்தைப் போலியாகப் போட்டு, அதற்குப் போலிச் சான்றும் தயாரித்து விற்ற கும்பல்தான் இலக்கு. ஐந்து மாநிலங்களில் 14 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த விசாரணையில் தெரிந்துகொண்டதை வைத்து சான் டியேகோவில் தொடங்கியது 'ஆபரேஷன் புல்பென்'. அது பல வருடம் நீண்டு, 60-க்கும் மேற்பட்டோரின் தண்டனையில் போய் நின்றது.

அப்போது எஃப்.பி.ஐ வெளியிட்ட மதிப்பீடு இன்றும் இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதிகம் தேடப்படும் பிரபலங்களின் கையெழுத்துப் பொருட்களில் பாதிக்கு மேல் போலி. வருடத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் புரளும் சந்தையில் 10 கோடி டாலருக்கு மேல் போலிச் சரக்கு.

சான் டியேகோவில் சிக்கிய பொருட்களில் ஒன்றைச் சொன்னால் நிலவரம் புரியும்: அன்னை தெரசாவின் கையெழுத்துப் போட்ட பேஸ்பால். கல்கத்தாவில் இருந்த அந்த அம்மாள் எப்போது பேஸ்பாலைத் தொட்டார் என்று வாங்குபவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. காரணம், பந்தோடு ஒரு சான்றிதழும் வந்தது. தடித்த தாள், தங்க முத்திரை, கீழே ஒரு கையொப்பம். கையெழுத்தைச் சந்தேகப்படுபவர்கள்கூடச் சான்றிதழைச் சந்தேகப்படுவதில்லை. கையெழுத்தைவிடச் சான்றிதழைப் போலி செய்வது எத்தனையோ சுலபம் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தாளில் அச்சடித்தால் போதும்.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 ஜூலையில் இண்டியானா மாநிலத்தில் ஒரு வியாபாரி, பிரபல நிறுவனங்களின் ஹாலோகிராம் ஸ்டிக்கர்களையே போலியாகத் தயாரித்து ஒட்டி விற்றதாகச் சமூக வலைதளத்தில் எழுதினார். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், 35 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் என்பது அவர் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கு மிகை என்று துறையில் பலர் நினைக்கிறார்கள். மிகையாகவே இருக்கட்டும். பத்தில் ஒரு பங்கு உண்மை என்றாலே எத்தனை வீட்டுச் சுவர்களில் அது சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்!

நிபுணர் தருவது தீர்ப்பு அல்ல

இங்கேதான் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் வருகின்றன. பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ, பெக்கெட் ஆகிய மூன்றும் அதிகம் அடிபடும் பெயர்கள். பொருளை அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு, அசலா போலியா என்று பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் எல்லாக் கையெழுத்துக்கும் ஒன்றல்ல. சாதாரண வீரருக்குக் குறைவு, ஜோர்டானுக்கு அதிகம்.

அவர்கள் என்ன பார்க்கிறார்கள்? முதலில் வேகம். ஆயிரக்கணக்கான முறை தன் பெயரை எழுதிய கை நிறுத்தாமல் ஓடும். போலி போடுபவர் எழுதுவதில்லை, வரைகிறார். கோட்டில் சின்ன நடுக்கம் இருக்கும். பேனா நிற்கக் கூடாத இடத்தில் நின்று ஒரு புள்ளி மை ஊறியிருக்கும். அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கும். அசலில் கோடு தொடங்கும்போதும் முடியும்போதும் மெலிந்து போகும்.

அடுத்தது காலம். ஜோர்டானின் ஆரம்ப காலக் கையெழுத்தில் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முடியும். புகழ் ஏற ஏற, கேட்பவர்கள் பெருகப் பெருக, அது சுருங்கி வளைவுகளாக மாறிவிட்டது. 1985-ஆம் ஆண்டு அட்டையில் 2000-களின் பாணியில் கையெழுத்து இருந்தால் அது மோசடி என்று உடனே சொல்லிவிட முடியாது. பழைய அட்டையில் அவர் பின்னாளில் போட்டிருக்கலாம். ஆனால் "1985-இல் என் முன்னால் போட்டார்" என்று விற்பவர் சொன்னால், அங்கே கதை இடிக்கும்.

பேனாவும் பேசும். ஒரு பேனா சந்தைக்கு வந்த வருடத்துக்கு முன்னால் அந்த மையில் கையெழுத்து இருக்க முடியாது.

இதெல்லாம் உண்மையான திறமை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பலர் படிக்காமல் விடும் ஒரு விஷயம், இந்த நிறுவனங்கள் தருவது தங்கள் கருத்து மட்டுமே. அனுபவசாலியின் கருத்து, பயிற்சி பெற்ற கண்ணின் கருத்து, ஆனாலும் கருத்து. ஒரு நிறுவனம் நிராகரித்ததை இன்னொரு நிறுவனம் ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. நேரில் இருந்து பார்த்துச் சான்று தருவது வேறு. முப்பது வருடம் கழித்து உருப்பெருக்கியில் பார்த்துச் சான்று தருவது வேறு. இரண்டுக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல். முதலாவதில் சாட்சி இருக்கிறார், இரண்டாவதில் ஒப்பீடு இருக்கிறது. வாங்குபவர் தன் கையில் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு, அதில் ஏமாற்றுபவர் யாருமே இல்லை. வில்சன் நிறுவனம் 1980, 90-களில் ஜோர்டான் பெயரில் கூடைப்பந்துகள் தயாரித்து விற்றது. பந்தின் மேல் அவர் கையெழுத்து அச்சடிக்கப்பட்டிருக்கும். பரணிலிருந்து பழைய பந்தை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, லாட்டரி அடித்துவிட்டது என்று குதிப்பவர்கள் இன்றும் உண்டு. அச்சுதானா என்று பார்க்க நிபுணர் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில், ஃபோன் கேமராவை நெருக்கி வைத்துப் பார்த்தாலே போதும். கையால் எழுதிய மை தோலின் மேடு பள்ளத்தில் அங்கங்கே விட்டுப்போயிருக்கும், கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் அடர்த்தியாகத் தெரியும். அச்சில் எல்லா இடமும் ஒரே நிறம்.

விலை எதை வைத்து ஏறுகிறது, இறங்குகிறது?

கையெழுத்து எதன்மேல் இருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. வெறும் தாளில் இருப்பது கடைசிப் படி. அதற்கு மேலே புகைப்படம், பந்து, ஜெர்சி. போட்டியில் அவரே போட்டு ஆடிய பொருளில் கையெழுத்தும் இருந்தால் அது தனி உலகம். 1985-இல் ஜோர்டான் அணிந்த, கையெழுத்துள்ள ஏர் ஜோர்டான் 1 காலணி ஜோடியை 2020 மே மாதம் சோத்பீஸ் ஏலத்தில் விட்டது. எதிர்பார்த்த விலை ஒன்று முதல் ஒன்றரை லட்சம் டாலர். போனது 5 லட்சத்து 60 ஆயிரம். ஏலம் முடிந்த அதே மே 17-ஆம் தேதிதான் 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடரின் கடைசிப் பகுதிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. உலகமே ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜோர்டானைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. விலை ஏற வேறென்ன வேண்டும்?

அட்டைகளில் ஒரு செல்லப்பிள்ளை உண்டு. 1997-98 சீசனுக்கு அப்பர் டெக் வெளியிட்ட வரிசையில், 1992 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஜோர்டான் அணிந்த ஜெர்சியின் துண்டைப் பதித்து, கையெழுத்தும் வாங்கிய அட்டை. எத்தனை அடித்தார்கள் தெரியுமா? 23. அவர் ஜெர்சியின் எண். அந்த 23-இல் ஒன்று 2021 பிப்ரவரியில் 14 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அதே வருடக் கடைசியில் இன்னொன்று 27 லட்சம். ஒரே வரிசை, ஒரே வருடம். அட்டையின் முனை மழுங்கியிருக்கிறதா, துணித் துண்டில் எந்த நிறம் விழுந்திருக்கிறது, மை எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவரும். ஏலத்தன்று போட்டிக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் சேர்த்தி.

அட்டைச் சந்தையில் அட்டையின் மேலேயே போட்ட கையெழுத்துக்கு மவுசு அதிகம். சில அட்டைகளில் வீரர் தனியே ஒரு ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், தொழிற்சாலையில் அதை அட்டையில் ஒட்டுவார்கள். கையெழுத்து அசல்தான். ஆனால் அவர் கை அந்த அட்டையைத் தொடவே இல்லை. சேகரிப்பாளர்களுக்கு இது பிடிக்காது. வெளியாருக்கு வினோதமாகத் தோன்றலாம், ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கையெழுத்துக்குப் பணம் கொடுப்பதே, "அவர் இதைத் தொட்டார்" என்பதற்காகத்தானே!

பெயர் எழுதி வாங்கியதும் விலையைக் குறைக்கும். "அன்புள்ள இன்னாருக்கு" என்று மேலே ஒரு வரி இருந்தால், அந்த இன்னார் அல்லாத எவருக்கும் அது இரண்டாம் தரம்தான். வேடிக்கை என்னவென்றால், போலி போடுபவர்கள் பெயர் எழுதுவது குறைவு. விற்பனை கெடுமே! அதனால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகமுள்ள பொருள் மலிவாகவும், சந்தேகத்துக்கு இடமுள்ள பொருள் விலை கூடுதலாகவும் கிடைக்கும் ஒரு தலைகீழ் நிலை. விற்கும் எண்ணம் இல்லாமல், ஜோர்டான் கையெழுத்து ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுபவர் இப்படிப் பெயர் எழுதியதைத் தேடிப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கையெழுத்து வாங்கினால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். வெயில் எதிரி. ஜன்னல் ஓரம் மாட்டிய படத்தில் கறுப்பு மை சில வருடங்களில் பழுப்பாகி, பிறகு காணாமலே போய்விடும். பந்துக்கு வேறு பிரச்சினை. காற்று இறங்கினால் தோல் சுருங்கும், கையெழுத்து மடிப்பில் சிக்கிக்கொள்ளும். வெள்ளிப் பெயின்ட் பேனாவால் போட்டதென்றால் உதிரவும் செய்யும்.

போடாதவரும் போய்ச் சேர்ந்தவரும்

பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 11 கோப்பைகள் வென்ற பில் ரஸ்ஸல், ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று பல பத்தாண்டுகள் பிடிவாதமாக இருந்தார். 1969-இல் ஓய்வுபெற்ற பிறகும் அப்படித்தான். கை கொடுப்பார், பேசுவார், பேனாவை நீட்டினால் மாட்டேன் என்பார். பின்னாளில் கட்டணத்துக்குப் போடத் தொடங்கினார் என்றாலும், ஆடிய காலத்துக் கையெழுத்துகள் அபூர்வம். 2022-இல் அவர் மறைந்ததும் குழாய் முழுதாக அடைந்தது.

வில்ட் சேம்பர்லின் 1999-இல் போனார். கோபி பிரையன்ட் 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது 41 வயது. துக்கச் செய்தி அடங்குவதற்குள் இணையத்தில் அவர் கையெழுத்துப் பொருட்கள் குவிந்தன, விலையும் எகிறியது. அவற்றில் எத்தனை அசல் என்று வாங்கியவர்களுக்கே வெளிச்சம். ஒருவர் இறந்தவுடன், உணர்ச்சி வேகத்தில் வாங்கப்படும் கையெழுத்துதான் மிக ஆபத்தானது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த ஒரு வாரத்துக்காகத்தான். இத்தனைக்கும் அது வாங்குவதற்கு மிக மோசமான வாரம், விலையிலும் சரி, நம்பகத்திலும் சரி.

இது முதலீடா?

இளம் சம்பளக்காரர்களிடம் இந்தப் பேச்சு இப்போது அதிகம் அடிபடுகிறது. பங்கு, தங்கம், கிரிப்டோ வரிசையில் இதுவும் ஒரு 'மாற்று முதலீடு' என்று விளம்பரம் வருகிறது. கோடிகளில் போன செய்திகள் அந்த ஆசைக்குத் தீனி போடுகின்றன.

ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு ஆசைப்படலாம். 1986-இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட ஜோர்டான் அட்டைதான் கூடைப்பந்து அட்டைகளிலேயே பிரபலமானது. கையெழுத்து இல்லாத, ஆனால் 10-க்கு 10 தரம் பெற்ற அந்த அட்டை 2021 ஜனவரிக் கடைசியில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒன்றல்ல, இரண்டு அட்டைகள், அதே விலையில். சில மாதங்களிலேயே அதே தரத்து அட்டை அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அட்டை மாறவில்லை, ஜோர்டானின் சாதனைகளும் குறையவில்லை. ஊரடங்கு முடிந்தது, கையில் இருந்த பணத்துக்கு வேறு வழிகள் கிடைத்தன, அவ்வளவுதான். உச்சத்தில் வாங்கிய இருவருக்கும் அது எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பங்கு என்றால் நிறுவனம் லாபம் ஈட்டும். வீடு என்றால் வாடகை வரும். கையெழுத்து அலமாரியில் இருக்கும். அடுத்தவர் கூடுதலாகக் கொடுத்தால்தான் லாபம். அதிலும் இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. ஐயாயிரம் டாலர் என்று போட்டு மூன்று வருடமாகத் தூங்கும் பந்துகள் ஏராளம். முடிந்த விற்பனைகளின் பட்டியலைப் பார்க்காமல் மதிப்புப் போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைக்குச் சொல்லும் விலையை வைத்து சொந்த மனையை மதிப்பிடுவது போலத்தான். ஏல நிறுவனங்கள் அறிவிக்கும் தொகையிலும் வாங்குபவர் தரும் கமிஷன் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு அத்தனையும் போவதில்லை.

ஆதாரத்தை யார் தர வேண்டும்?

கலிஃபோர்னியா இதற்கு ஒரு சட்டமே வைத்திருக்கிறது. விளையாட்டுக் கையெழுத்துப் பொருட்களை விற்கும் வியாபாரி சான்று தர வேண்டும் என்று 1990-களிலேயே விதி வந்தது. தன் பெயரில் போலிகள் குவிவதைப் பார்த்து 'ஸ்டார் வார்ஸ்' நடிகர் மார்க் ஹாமில் குரல் கொடுத்ததும் சேர்ந்து, 2016-இல் அது எல்லாக் கையெழுத்துப் பொருட்களுக்கும் விரிந்தது. 5 டாலருக்கு மேல் எது விற்றாலும் சான்று வேண்டும் என்ற அளவுக்குப் போனதும் புத்தகக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர் வந்து கையெழுத்திடும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சான்றா? வழக்கு வரை போனது. மறுவருடமே சட்டம் தளர்த்தப்பட்டது, வரம்பு 50 டாலர் ஆனது, புத்தகங்களுக்கு விலக்கு வந்தது.

அந்தக் குழப்பத்திலும் ஒரு சரியான விஷயம் இருந்தது. ஆதாரம் காட்டும் சுமையை விற்பவர் தலையில் வைத்தது. இணையச் சந்தைகள் இன்று இதைத்தான் தட்டிக்கழிக்கின்றன. விற்பனைக்குக் கமிஷன் எடுக்கும் தளம், ஆயிரம் டாலர் பொருளுக்கு "சான்றிதழ் உண்டு" என்ற ஒற்றை வரியோடு திருப்தி அடையக் கூடாது. சான்று யார் தந்தது, நேரில் பார்த்ததா, பிறகு ஒப்பிட்டதா, எண் என்ன, அந்த எண்ணுக்குரிய படமும் இந்தப் பொருளும் ஒன்றுதானா என்பதை விளம்பரத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். ஹாலோகிராமையே போலி செய்யும் காலத்தில் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. அசல் எண்ணைத் திருடி வேறு பொருளில் ஒட்டலாம். பொருளின் படம் பதிவேட்டில் இருந்தால்தான் அந்த வழி அடையும். தொழில்நுட்பத்தில் இது பெரிய வேலை இல்லை. செய்தால் விற்பனை குறையும் என்பதுதான் தயக்கம்.

அதுவரை, நேரில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் தங்கள் சாட்சியத்தைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைய ஆட்டத்தின் டிக்கெட் துண்டு, கையெழுத்திடும்போது எடுத்த மங்கலான புகைப்படம், எங்கே எப்போது வாங்கியது என்று தேதி போட்டு எழுதிய ஒரு குறிப்பு, அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் வரும் ஒரு வரி. இவை எதுவும் நிபுணரின் ஸ்டிக்கருக்கு ஈடாகாது. ஆனால் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நிபுணர் இரண்டு மனதாக இருக்கும்போது, தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இவை மாற்றக்கூடும். இப்போது வாங்குபவர்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. கையில் ஃபோன் இருக்கிறது. பேனா தாளில் படும்போதே வீடியோவை ஓடவிடலாம், வீரரின் முகமும் கையும் பொருளும் ஒரே சட்டத்தில் விழும்படி.